எட்டில் ஒன்றை மட்டும் காட்டுகிறீர்கள்: கொச்சி வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொச்சியில் யூத மரபுச் சுற்றுலா அழைத்துப் போகும் வழிகாட்டிகளுக்கும், அந்த ஒரு நாள் பயணத்தில் எங்கெங்கே வண்டி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். போன டிசம்பரில் எங்கள் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்தேன். ‘யூதக் கொச்சி’ என்று பேர் போட்ட ஒரு நாள் சுற்றுலாவுக்குத்தான் பணம் கட்டியிருந்தோம். யார் நடத்தினார்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவர் மேல் குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. அன்றைக்கு எங்களை அழைத்துப் போனவர் நல்ல தமிழ் பேசினார். பிள்ளைகளிடம் பிரியமாக நடந்துகொண்டார். ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்தபோது ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தவரும் அவர்தான். குறை மனிதரிடம் இல்லை, வழித்தடத்தில் இருக்கிறது. கதையை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

காலை ஒன்பதரைக்கு மட்டாஞ்சேரி. அரண்மனையில் இருபது நிமிடம். யூதர்களின் வழிபாட்டுக் கூடமான பரதேசி யூதப்பள்ளியில் இருபத்தைந்து நிமிடம். பிறகு பழம்பொருள் கடை இரண்டு, மசாலாக் கடை ஒன்று என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் கடைகளில்தான் நின்றோம். சாப்பாட்டுக்குப் பின் சீன வலை, பிரான்சிஸ் தேவாலயம், ரயிலடி. யூதக் கொச்சி அவ்வளவுதான்.

கடைத்தெருவில் நடக்கும்போது பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் காட்டி வழிகாட்டி சொன்னார், “இங்கெல்லாம் யூதர்கள் இருந்தார்கள். இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். கதை முடிந்துவிட்டது.” என் மாணவி ஒருத்தி கேட்டாள், “மத்தவங்கள்லாம் எங்க போனாங்க டீச்சர்? இங்கயும் யாராவது கொன்னுட்டாங்களா?” பத்தாம் வகுப்பில் ஹிட்லரைப் படித்துவிட்டு வந்த பெண் வேறு எப்படிக் கேட்பாள்? நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் அதற்குள் அடுத்த கடை வாசலில் நின்று கையசைத்துக் கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டி வந்தது எனக்குப் பெரிய உறுத்தலாகப் போயிற்று. மே மாத விடுமுறையில் தனியாகக் கிளம்பி மறுபடி வந்தேன். நான்கு நாள் தங்கினேன். வடக்கன் பரவூர், சேந்தமங்கலம், மாளை, எர்ணாகுளம் மார்க்கெட், கடைசியாக மட்டாஞ்சேரி. அந்த நான்கு நாளில் பார்த்ததை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் கொச்சி வட்டாரத்தில் வழிபாடு நடந்த யூதப்பள்ளிகள் எட்டு. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளை ஒவ்வொன்று. நீங்கள் காட்டுவது எட்டில் ஒன்று. அதுவும் எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரிவினருடையது. 1950 வாக்கில் கேரளத்தில் இருந்த யூதர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அதில் பரதேசிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் நூறு பேர் அளவுக்குத்தான். மற்ற எல்லோரும் மலபாரி யூதர்கள். மலையாளம் பேசி, மலையாளத்தில் பாடி, பல நூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி அன்றைக்கு எங்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்: “வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று இரண்டு வகை.”

தயவுசெய்து இந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அது வெளியிலிருந்து வந்தவர்கள் ஒட்டிய சீட்டு. மலபாரி யூதர், பரதேசி யூதர் என்றே சொல்லலாம். பரதேசி என்றதும் தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள், எங்கள் பிள்ளைகளும் சிரித்தார்கள். நம் பேச்சில் அது பிச்சைக்காரரைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்: பரதேசி என்றால் பிற தேசத்திலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் பின்னால் வந்து சேர்ந்த யூதர்கள் 1568இல் கட்டிய பள்ளி, அதனால் பரதேசிப் பள்ளி. ஒரு சொல்லைத் திறந்து காட்டினால் ஒரு கப்பல் பயணமே அதற்குள் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்குள் உங்கள் விளக்கம் பெரும்பாலும் தரையைப் பற்றியது. எசக்கியேல் ரஹாபி என்ற பெருவணிகர் 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வரவழைத்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் தீட்டியவை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்றார் எங்கள் வழிகாட்டி. முப்பத்தெட்டு தலைகளும் கீழே குனிந்தன. அழகான ஓடுகள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரும் எங்களை மேலே பார்க்கச் சொல்லவில்லை. மே மாதம் தனியாக நின்றபோதுதான் பார்த்தேன். நடுக்கூடத்தில் பித்தளைக் கம்பி சூழ்ந்த வாசிப்பு மேடை ஒன்று இருக்கிறதல்லவா, மேலே மாடத்தில் இன்னொரு வாசிப்பு மேடை இருக்கிறது. அதற்குப் பின்னால் பெண்கள் அமரும் இடம். இரண்டு மேடை என்பது கேரளத்து யூதப்பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் வேதச் சுருளை மேலே கொண்டுபோய், பெண்களுக்குப் பக்கத்திலேயே வைத்து வாசித்திருக்கிறார்கள். என் மாணவிகள் இருபத்தோரு பேர் அந்தக் கூரைக்குக் கீழே நின்றார்கள். ஒருத்திக்கும் இது தெரியாமல் போயிற்று.

அந்தப் பெண்கள் பாடினார்கள் என்பதையும் சொல்லுங்கள். திருமணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, தங்கள் ஊர்ப் பள்ளியைப் புகழும் பாட்டு என்று மலையாளத்தில் நிறையப் பாட்டுகள். நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, தாயிடமிருந்து மகள் நகலெடுத்து, ஆண்களும் கூடியிருக்கும் சபையில் வாய்விட்டுப் பாடினார்கள். வேறு பல நாட்டு யூதர்களிடையே ஆண்கள் முன் பெண்கள் பாடுவது வழக்கமில்லை. பிற்பாடு இஸ்ரேலுக்குப் போன பாட்டிமார்களிடமிருந்தும் இந்தப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். வண்டி எடப்பள்ளி நெரிசலில் நிற்கும் நேரத்தில் சினிமாப் பாட்டு போடுகிறீர்களே, அந்த இடத்தில் இந்தப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். மலையாளம் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கும் பாதி புரியும்.

இனி நான் தமிழாசிரியர் என்கிற உரிமையில் ஒன்று கேட்கிறேன். பரதேசிப் பள்ளியின் செப்பேடுகளைப் பற்றி எங்கள் வழிகாட்டி, “ஏதோ பழைய எழுத்து, ராஜா குடுத்தது” என்று கடந்துவிட்டார். அது ஏதோ எழுத்து இல்லை. வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். ஏறத்தாழ கி.பி. 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுங்கல்லூரை ஒட்டிய முயிரிக்கோட்டில் இருந்தபோது ஜோசப் ரப்பான் என்கிற யூத வணிகருக்கு வழங்கிய உரிமைப் பட்டயம். 72 உரிமைகள் தருகிறான் மன்னன். அவற்றில் சில: பகல் விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். ஊருக்குத் திரும்பியபின் இதை வகுப்பில் வாசித்தேன். பாவாடை என்றதும் மறுபடி சிரிப்பு. நடந்துபோகும் வழியில் விரிக்கும் துணிக்குப் பாவாடை என்று பெயர், அந்தோளகம் பல்லக்கு, காகளம் ஊதுகொம்பு, பகலிலும் விளக்கேந்தி ஆள் முன்னே போவது பெரிய மனிதருக்குத் தரும் மரியாதை என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. உல்கும் துலாக்கூலியும் அவருக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறான். உல்கு என்றால் சுங்கம், திருக்குறளிலும் அதே பொருளில் வருகிற சொல். துலாக்கூலி, தராசில் நிறுப்பதற்கான கட்டணம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையும் அவருக்கே.

2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் போனபோது இந்தச் செப்பேடுகளின் பிரதியைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொண்டுபோனார். அந்த அளவுக்கு மதிப்புள்ளது. தமிழ்க் கூட்டம் வந்தால் அந்தச் சொற்களைத் தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கையில் கொடுத்து, உரக்கப் படிக்க வையுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு யூதருக்கு எழுதிய பத்திரம் தன் வாயில் தமிழாக வரும்போது எந்தப் பிள்ளையும் அதை மறக்காது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், அது இன்னும் பழையது, கி.பி. 849, எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்துகள் இருப்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதே தெருவின் தெற்குக் கோடிக்கு நீங்கள் யாரையும் அழைத்துப் போவதில்லை. அங்கே கடவும்பாகம் பள்ளி இருந்தது. கடவு என்றால் தோணித்துறை. துறைப் பக்கத்துப் பள்ளி, 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சமூகம் போனபின் சரக்குக் கிடங்காக இருந்தது. செதுக்கு வேலை செய்த அதன் உட்கூடு 1991இல் ஜெருசலேமுக்குப் போய், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் 1995 முதல் காட்சியில் இருக்கிறது. அங்கே அதனுடன் வைத்திருக்கும் வேதப்பேழை பரவூர்ப் பள்ளியினுடையது. இங்கே எஞ்சிய கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உள்ளறை ஜெருசலேமில், சுவர்கள் மட்டாஞ்சேரியில் மண்ணோடு மண்ணாக. பரதேசிப் பள்ளியிலிருந்து நடந்தே போகிற தூரம். அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று இதைச் சொல்ல ஒரு வழிகாட்டி இருந்திருந்தால் என் பிள்ளைகள் பழம்பொருள் கடையில் நின்ற நேரத்தைவிட எவ்வளவோ கற்றுக்கொண்டிருப்பார்கள்.

அருகிலேயே ஒரு சந்துக்குள், வீடுகளுக்கு நடுவில், நெஹமியா மோத்தாவின் சமாதி. 1615இல் மறைந்த யூதக் கவிஞர், ஞானி. நான் போன மாலை நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு அம்மா வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பள்ளிக்கூடம் போகும் பேரனுக்குக் காய்ச்சல் என்றார். எந்த மதம் என்று நான் கேட்கவில்லை. அங்கே எல்லாரும் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உங்கள் துண்டுப் பிரசுரத்தில் இந்த இடம் இல்லை.

கசப்பான பகுதியையும் மறைக்காதீர்கள். பரதேசிப் பள்ளிக்குள் எல்லா யூதரும் சமமாக இருக்கவில்லை. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்குப் பெஞ்சில் அமர உரிமை கிடையாது. வெளிக்கூடத்தில், தரையில் உட்கார வேண்டும். வேதம் வாசிக்க அழைப்பு இல்லை. அந்த வழியில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலெம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, வக்கீலாகி, கொச்சி சட்டசபையில் உறுப்பினராகி, காங்கிரஸிலும் தொழிற்சங்கத்திலும் உழைத்தவர். தன் சொந்தப் பள்ளியில் காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தார். ஆண்டுக்கணக்கில் போராடி, தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். நீங்கள் தினம் தினம் கூட்டம் கூட்டமாக நடத்திக்கொண்டு போகும் அந்தத் தெருவுக்கே ஏ. பி. சாலெம் சாலை என்றுதான் பெயர். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுதான் எங்களுக்குக் கைப்பை விலை விசாரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வைக்கம் போராட்டத்தைப் பாடமாகப் படித்துவிட்டு வருகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, ஒரு கோயில் தெருவுக்காக நடந்ததைப் போல ஒரு யூதப்பள்ளியின் பெஞ்சுக்காகவும் இதே மண்ணில் நடந்தது என்று சொன்னால் உடனே பிடிபடும்.

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். இல்லை, யாரும் கொல்லவில்லை. நாட்டை விட்டு விரட்டவும் இல்லை. போர்ச்சுக்கீசியர் காலத்தில் துன்பம் உண்டு, 1662இல் பரதேசிப் பள்ளியே அவர்களால் சேதமாகி டச்சுக்காரர் வந்தபின்தான் எழுந்தது. ஆனால் அரண்மனைக்கும் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல் இடம் கொடுத்து வைத்துக்கொண்டவர்கள் கொச்சி மன்னர்கள். 1948இல் இஸ்ரேல் உருவானதும், நூற்றாண்டுகளாகத் தினம் மூன்று வேளை ஜெருசலேமை நினைத்து ஜெபித்தவர்கள் போவதென்று தீர்மானித்தார்கள். வீடு நிலம் விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். யானைக்கால் நோய் பரவிவிடும் என்று அங்குள்ள அதிகாரிகள் தயங்கியதால் பயணம் தள்ளிப்போயிற்று. சாலெம் 1953இல் நேரில் போய் அவர்களுக்காக வாதாடினார். 1950களின் நடுவில் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மாளையில் 1955இல் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தாத்தா பாட்டியின் கல்லறையை அயலாரை நம்பி விட்டுப்போக எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அந்த எழுத்தைக் காப்பாற்றச் சொல்லி இன்றுவரை குரல் கொடுப்பவர்களும் அந்த ஊர்க்காரர்களே.

அவர்கள் எங்கேயும் மறைந்துவிடவில்லை. பேயர்ஷேபா பக்கத்துப் பாலை நிலத்தில் நெவாத்திம், ஜெருசலேம் மலைச்சரிவில் மெசிலாத் ஜியோன், தாவோஸ் என்ற ஊர்களில் மண்ணைக் கொத்திப் பயிர் செய்து பிழைத்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பல ஆயிரம் பேராகப் பெருகியிருக்கிறார்கள். நெவாத்திமில் கொச்சி யூதர்களுக்கென்று வழிபாட்டுப் பள்ளியும் காட்சிக்கூடமும் உண்டு. எர்ணாகுளம் மார்க்கெட் பகுதியில் அதே பெயருள்ள இன்னொரு கடவும்பாகம் பள்ளி, முன்பக்கம் செடியும் அலங்கார மீனும் விற்கும் கடையாக இருந்து, பின்பக்கம் பள்ளியாகவே பாதுகாக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டிருக்கிறது. அதைக் காத்ததும் மலபாரி யூதரே. பிறகு எப்படிக் கதை முடிந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்வது?

‘கடைசி யூதர்’ என்ற சொல்லையும் நிறுத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். 2019 ஆகஸ்டில் தொண்ணூற்றாறு வயதில் மறைந்த எம்ப்ராய்டரிக் கடைப் பாட்டியைப் பல வருஷம் ஜன்னல் வழியாகக் காட்சிப்பொருள் மாதிரி காட்டினார்கள் என்று அந்தத் தெருவிலேயே ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அந்தப் பாட்டியைக் கடைசிவரை மகனைப் போல உடனிருந்து பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் அண்டைவீட்டுக்காரர். சொல்வதாக இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

வழித்தடத்தைத் திருப்பிப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். மட்டாஞ்சேரியில் தொடங்காமல் மட்டாஞ்சேரியில் முடியுங்கள். காலையில் முதலில் சேந்தமங்கலம். யூதப்பள்ளி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் ஒரே குன்றைச் சுற்றி இருக்கும் கோட்டையில் கோவிலகம். அந்த யூதப்பள்ளி வாசலில் ஒரு கல் நிற்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. 1269ஆம் ஆண்டு, இஸ்ரயேலின் மகள் சாராவின் கல்லறைக் கல். சோழர் ஆட்சி இன்னும் முடியாத காலம். என் இடுப்பு உயரம்கூட இல்லை, மழையில் கறுத்து, எழுத்தின் பள்ளத்தில் பாசி பிடித்திருந்தது. யாரும் இல்லாத அந்தக் காலை நேரத்தில், ஒரு பெண்ணின் பெயரிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறதே என்று எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அடுத்து பரவூர், நீண்ட நடைவழி கொண்ட அழகான பள்ளி, கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தில் செப்பனிட்டது. பிறகு எர்ணாகுளம். மூன்று மணிக்கு மட்டாஞ்சேரி வந்தால் பரதேசிப் பள்ளி, சாலெம் சாலை, கடவும்பாகம், மோத்தா சமாதி எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடியும். நான் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். மாளை மட்டும் தனி நாள் கேட்கும்.

கடைகளை விட்டுவிட்டால் வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் தரும் பங்கில்தான் பல வழிகாட்டிகள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைச் சுற்றுலாக் கட்டணத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். தலைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் நாங்கள் கொடுப்போம். எங்கள் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டுவிட்டேன், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இன்னொன்று: தமிழ்நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் சனிக்கிழமை வந்து இறங்குகின்றன. சனி யூதர்களின் ஓய்வு நாள், யூதப்பள்ளி பூட்டியிருக்கும். பதிவு செய்யும்போதே இதைச் சொல்லுங்கள். வெளிக்கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு திருநெல்வேலிக் கூட்டத்தை நான் மே மாதம் கண்ணால் பார்த்தேன்.

வருகிற டிசம்பரில் அடுத்த ப்ளஸ் ஒன் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன், இம்முறை நாற்பத்திரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் வருகிறாள், ப்ளஸ் டூ படிப்பவள் என்றாலும் தலைமையாசிரியரிடம் தனி அனுமதி வாங்கிவிட்டாள். யூதர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதைவிட ஒரு சிறு கல் வைப்பார்கள் என்று வகுப்பில் சொன்னேன். பழையாற்றில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்றைப் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். காலை எட்டரைக்குச் சேந்தமங்கலத்துக்கு வண்டி எடுக்க உங்களில் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவில் பக்கத்துத் தமிழாசிரியை ஒருத்தி